கல்லீரல் புற்றுநோய்க்கு ஏன் மரபணு மாற்றிய எலி? சாதாரண எலி போதாதா?

ரங்கூன்வாசி:
என் தாய்மாமாவுக்குப் பல வருஷமாக ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). போன மாசம் ஸ்கேனில் கல்லீரலில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். தூக்கம் வராமல் போனில் தேடினால், எல்லா ஆராய்ச்சியிலும் மரபணு மாற்றிய எலி என்றே வருகிறது. எலியை ஏன் மாற்ற வேண்டும்? வைரஸை ஊசியில் ஏற்றினால் போதாதா?

பெகுபையன்:
ஏற்றினாலும் எலிக்குத் தொற்றாது. அந்த வைரஸ் நம் கல்லீரல் செல்லுக்குள் நுழைய என்டிசிபி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது (இது தெரிந்ததே 2012-இல்தான்), எலியிடம் இருப்பது அதற்குப் பொருந்தாது. அதனால் வைரஸின் மரபணுவையே எலியின் கருவில் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் சிசாரி குழு 1980களில் உண்டாக்கிய ஒரு வகை எலியில் வைரஸின் மேலுறைப் புரதம் செல்லுக்குள் தேங்கி, செல் சாக, புதுசு முளைக்க, அதுவும் சாக, கடைசியில் புற்றுநோயே வந்தது. ஆனால் முழு வைரஸும் உருவாகிற இன்னொரு வகை எலிக்குக் கல்லீரல் வீக்கமே இல்லை! பிறவியிலேயே கூட இருப்பதால் அதன் உடம்பு வைரஸோடு சண்டைக்குப் போகவில்லை. மனிதருக்குக் கல்லீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தச் சண்டைதான்.

மோல்மேன்செல்வி:
கடலையை விட்டுவிட்டீர்களே. நாம் லப்பெத்தில் (பர்மியத் தேயிலைச் சாலட்) அள்ளிப் போடுகிற நிலக்கடலை ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் விஷம் வரும், ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அது இரட்டை அடி. வளர்ந்த சுண்டெலியோ (இந்த ஆய்வு எலிகள் எல்லாம் அதுதான்) அதை லேசில் சட்டை செய்யாது, அதன் கல்லீரலில் உள்ள ஒரு நொதி விஷத்தை முறித்துவிடும். அந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலிக்குத்தான் விஷம் ஏறியது.

பெகுபையன்:
ஆமாம் அக்கா. எனக்குப் பிடித்தது 2004-இல் வந்த ஆய்வு. மிக் என்ற புற்றுநோய் மரபணுவுக்கு சுவிட்ச் வைத்த எலி, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்தால் மரபணு அணையும். அணைத்ததும் கட்டியில் இருந்த செல்கள் பல சாதாரணக் கல்லீரல் செல் போல மாறின. மருந்தை நிறுத்தினால் மறுபடி புற்றுநோய்.

ரங்கூன்வாசி:
டாக்சி இங்கே கடையில் அட்டை அட்டையாகக் கிடைக்கிறதே, மாமாவுக்குக் கொடுக்கலாமா?

பெகுபையன்:
ஐயோ வேண்டாம் அண்ணே. அந்த சுவிட்ச் நாமே எலிக்குள் வைத்தது, மாமாவிடம் அது கிடையாது.

மோல்மேன்செல்வி:
தம்பி, அதைவிட ஒன்று கேட்கிறேன். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய் இது. உங்கள் அம்மாவும் மாமாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே? அம்மாவுக்கும் உங்களுக்கும் ரத்தம் பார்த்தாச்சா?

ரங்கூன்வாசி:
இல்லை அக்கா. யாருமே சொல்லவில்லை. நாளைக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.