முனை வெட்டுன குட்டி போர்டு நம்ம பக்கத்து அலைக்குச் சரிப்படுமா?

திசையன்விளை_தம்பி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மணப்பாட்டுலயும் உவரிப் பக்கமும் சர்ஃப் பண்ணுதேன், எடை 72 கிலோ, இப்ப வச்சிருக்கது 6 அடி 2 இஞ்ச் சாதா ஷார்ட்போர்டு, அடியில மூணு ஃபின் (துடுப்பு). கச்சான் காத்து மாசத்துல அலை உசரமா வந்தாலும் காத்து கலைச்சுப் போடுது, மத்த நாள்ல முட்டளவு இடுப்பளவுதான், அதுல என் போர்டு பாதி வழியில நின்னு போவுது, நான் பம்ப் பண்ணி, போர்ட அமுக்கி அமுக்கித் தள்ளிக்கிட்டே கெடக்கேன். இப்ப தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட டோமோ ஸ்டைல் போர்டு ஒண்ணு விலைக்கு வருது. 5 அடி 4 இஞ்ச், 29 லிட்டர், முனை கூரா இல்லாம வெட்டிவிட்டாப்ல இருக்கு, ரெண்டு பக்க ரெயிலும், அதான் ஓர விளிம்பு, ஏறக்குறைய நேரா ஓடுது, நாலு ஃபின். கூட வாரவன் இது விளையாட்டுச் சாமான், வாங்காதங்கான். எனக்கு அதுமேல ஆசை விழுந்துட்டு. பத்து இஞ்ச் குறைஞ்சா கையால பேடில் பண்ணி அலையப் பிடிக்க முடியுமா? திருப்பம் வருமா?

கூடுதாழை_கடல்

தம்பி, முதல்ல நீளத்த மறந்துட்டு லிட்டரப் பாரு, அதான் போர்டோட கன அளவு, மிதக்குத தெம்பு அதுலதான் இருக்கு. உன் எடைக்கு நடுத்தர ஆளுன்னா 28லருந்து 30 லிட்டர் போதும், 29ங்கது உனக்கு அளவான போர்டுதான், பேடிலுக்குப் பயப்பட வேண்டாம். உன் 6 அடி 2ல எத்தன லிட்டர்னு அடியில எழுதியிருக்கும், அதையும் பாத்துக்கோ, பெரிய வித்தியாசம் இருக்காதுன்னு நினைக்கேன்.

ஏன் முனைய வெட்டுதாங்கன்னா, நீ அலையில எந்திரிச்சு ஓடும்போது கூர்முனை பெரும்பாலும் தண்ணியத் தொடுறதே இல்ல, அது வெறும் பாரமா முன்னால நிக்கி, திருப்பும்போது அந்தப் பாரத்தையும் சேத்துத்தான் சுத்தணும். அத எடுத்துட்டு ரெயில நேராக்கிட்டா குட்டி போர்டுலயே தண்ணியில பிடிக்கிற ரெயில் நீளம் கிடைச்சிருது. அடியில ராக்கர், அதான் முனையிலருந்து வாலு வரைக்கும் உள்ள வளைவு, கம்மி, தட்டையா இருக்கும். நம்ம ஃபைபர் வள்ளத்துல எஞ்சின முறுக்குனா தண்ணியக் கிழிச்சுட்டுப் போறத விட்டுட்டு மேல ஏறி வழுக்கிட்டு ஓடும்லா, அதே சங்கதிதான், அலைக்கு பலம் இல்லாட்டியும் சீக்கிரம் மேல ஏறிரும். நீ பம்ப் பண்ணி சாவுத இடத்துல இது தன்னால ஓடும்.

இது நேத்து வந்த கூத்தும் இல்ல மக்கா. கலிபோர்னியாவுல பாப் சிம்மன்ஸ்னு ஒரு மனுசன் 1940கள் கடைசியிலயே வேகப் படகோட அடிப்பாகக் கணக்க போர்டுல கொண்டாந்தாரு, 1954ல அலையிலயே செத்தும் போனாரு. அந்த யோசனைய சின்ன சைசுக்கு, வேகமா திருப்புத மாதிரி கொண்டுவந்ததுதான் ஆஸ்திரேலியாக்காரர் டேனியல் தாம்சன், டோமோங்கது அவரு பேருதான். பல தடவ உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டரே அவர் ஷேப் பண்ணுனத ஓட்டியிருக்காரு. இன்னிக்கு நீ சாதா போர்டுங்கியே மூணு ஃபின், அத ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்தப்பவும் ஆளுக நம்பல, 1981ல பெல்ஸ் பீச் போட்டியில அவரு ஜெயிச்ச பிறகுதான் எல்லாரும் அதுக்கு மாறுனாங்க. அதனால பாக்க எப்படி இருக்குன்னு வச்சு எவனும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

மணப்பாடு_ரெயில்

அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஆனா ஒரு விசயத்த அழுத்திச் சொல்லணும். நேர் ரெயில் நேராத்தான் ஓட ஆசைப்படும். போர்டு நடுவுல நின்னு சாஞ்சு திருப்புத பழக்கம் உனக்கு இருந்தா இது இரும்பு மாதிரி நிக்கும். பின்னங்கால் ஃபின்னுக்கு நேர் மேல, வாலோட கடைசிக்கு வரணும், அப்ப சுழண்டுரும். அந்தக் கால் பழக்கம் இன்னும் வரலன்னா முதல்ல ஒரு ஃபிஷ் (மீன்வால் போர்டு) வாங்கிப் பழகுறது நல்லதுன்னு எனக்குப் படுது, அதுவும் குட்டைதான், தட்டைதான், ஆனா ஓரத்துல வளைவு இருக்கதால மன்னிக்கும்.

கடலுக்குள்ள கல்லு அடுக்குன தூண்டில் வளைவு ஓரத்துல அலை திடீர்னு செங்குத்தா எந்திரிக்கும் பாரு, அங்க தட்டை ராக்கர்ல லேட்டா எந்திரிச்சா முனை குத்தும். கல்லு கிடக்க இடம். புது போர்டு பழகுற வரைக்கும் மணல் அடி இருக்க இடத்துல மட்டும் இறங்கு. கள்ளக்கடல், அதான் திடீர்னு கடல் பொங்கும்னு, எச்சரிக்கை வந்த நாள்ல எந்த போர்டும் வேண்டாம், கரையில இரு.

திசையன்விளை_தம்பி

ரொம்ப நன்றிண்ணே. பின்னங்கால் கொஞ்சம் முன்னாலதான் நிக்கி எனக்கு, வீடியோவுல பாத்திருக்கேன். ஆனா பழகிரலாம்னு தோணுது. போர்டு பழசு, வாங்கும்போது எதப் பாக்கணும்? நாலு ஃபின் பிடிக்கலன்னா என்ன செய்ய?

தூத்துக்குடி_ஈபாக்ஸி

தம்பி, நான் டிங் ரிப்பேர், அதான் போர்டு உடைசல் ஒட்டுத வேல, பண்ணுதவ, அதனால அக்கா சொல்லுதத கவனமா கேளு. ஃபின் மாட்டுத பாக்ஸ் எத்தனன்னு எண்ணு. அஞ்சு இருந்தா மூணு ஃபின்னாவும் மாத்திக்கிடலாம், நாலுல வேகம் ஜாஸ்தி, நடு ஃபின் வந்தா செங்குத்தா திருப்புறதுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒவ்வொரு பாக்ஸையும் சுத்தி மயிர்க்கோடு விரிசல் இருக்கான்னு விரலால தடவிப் பாரு, பின்னங்கால் நிக்க இடத்துல அமுக்கிப் பாரு, மெத்துன்னு அமுங்குனா மேல்தோல் ஃபோமை விட்டுப் பிரிஞ்சுட்டுன்னு அர்த்தம், அத வாங்காத.

அப்புறம் உள்ள ஈபிஎஸ் ஃபோமான்னு (தெர்மகோல் மாதிரி) கேளு. இந்த மாதிரி போர்டு பெரும்பாலும் ஈபிஎஸ், மேல ஈபாக்ஸி. உடைஞ்சா வள்ளம் ஒட்டுத பாலியெஸ்டர் ரெசினத் தொட்டுராதீங்க, அதுல இருக்க ஸ்டைரீன் ஃபோமைக் கரைச்சுக் குழியாக்கிரும், ஈபாக்ஸி மட்டும்தான் போடணும். சின்ன ஓட்டை இருந்தாலும் தண்ணி குடிக்கும், டேப்ப ஒட்டிட்டு ஓட்டக் கூடாது. நம்ம ஊர் வெயில்ல காருக்குள்ள பூட்டி வச்சிட்டுப் போனா உள்ள காத்து விரிஞ்சு தோல் உப்பிரும். நெழல்ல, பைக்குள்ள வை.

கூடுதாழை_கடல்

மணப்பாடு ரெயில் தம்பி ஃபிஷ்னு சொல்லுதது தப்பில்ல, ஆனா ஃபிஷ் அகலமானது, ஒரு ரெயில்லருந்து இன்னொரு ரெயிலுக்கு மாறுறது மெதுவா இருக்கும், நீ ஷார்ட்போர்டுல பழகுன ஆளு, உனக்கு அது சலிச்சுரும். நான் சொல்லுதது இதுதான்: விக்குறவர்ட்ட கேட்டு ஒரு காலையில, காத்து எந்திரிக்கதுக்கு முன்ன, இடுப்பளவு அலையில ஓட்டிப் பாரு. முதல் ரெண்டு மூணு அலையில திருப்பாத, சும்மா நேரா விட்டு அது எவ்வளவு தூரம் ஓடுதுன்னு மட்டும் கவனி, பிறகு காலப் பின்னால தள்ளு. பிடிச்சா வாங்கு, 6 அடி 2ஐயும் வித்துராத, தலைக்கு மேல நல்ல அலை வார அன்னிக்கு அதுதான் வேணும்.

திசையன்விளை_தம்பி

சரிண்ணே, ஞாயித்துக்கிழமை மணப்பாட்டுக்குக் கொண்டாரச் சொல்லிட்டேன். அக்கா, பாக்ஸ் போட்டோ எடுத்து இங்க போடுதேன், பாத்துச் சொல்லுங்க.