மளிகைக் கடைக்குக் குழுக்கடன் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் அருகே சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். பால், தயிர் கேட்டு வருபவர்களைத் தினமும் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், ஃபிரிட்ஜ் வாங்க 50,000 ரூபாய் தேவைப்படுகிறது. மனைவியின் குழு வழியாக ஓராண்டுக்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டியில் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில் 1: ஐயா, அந்த 12 சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாதம் 4,667 ரூபாய் வீதம் கட்டும்போது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதால், உண்மையில் அது ஏறத்தாழ 21.5 சதவீதம் ஆகிறது. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு; ஃபிரிட்ஜுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள்.

பதில் 2: நானும் பெட்டிக்கடைக்காரன்தான். முதல் கடனில் பாதியைச் சரக்காக அடுக்கினேன்; அது வாடிக்கையாளர்களின் கடன் நோட்டில் ஏறியதே தவிர, கல்லாவுக்குத் திரும்பவில்லை. ஃபிரிட்ஜ் என்றால் பரவாயில்லை, ஆனால் மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

பதில் 3: குழுக்கடனே வாங்க நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளை நினைவில் வையுங்கள்: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது.

கேட்டவர்: மிக்க நன்றி. திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன்.