மறுமொழி: சைக்கிள் ‘டிரெய்லர்’, ‘ஹிட்ச்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிளின் பின்னால் மாட்டி மளிகை, காய்கறி ஏற்றிவரும் இரண்டு சக்கரப் பெட்டிக்குச் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவுகள் முடிந்துவிட்டன, சொற்கள்தான் இடறுகின்றன. டிரெய்லர், டங் (பெட்டியைச் சைக்கிளோடு சேர்க்கும் நீளத் தண்டு), டங் வெயிட் (அந்தத் தண்டின் நுனி சைக்கிள்மேல் அழுத்தும் எடை), ஹிட்ச் (தண்டைச் சைக்கிளில் மாட்டும் உறுப்பு), டிராப்-அவுட் (சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) ஆகியவற்றுக்கு முறையே தொடுப்பு வண்டி, நாக்கு, நாக்கு எடை, இணைப்பி, விடுவாய் என்று வைத்திருக்கிறேன். திருத்துங்கள்.

– மயிலாடுதுறை

* * *

> தொடுப்பு வண்டி

ஐயா, இது மட்டும் வேண்டாம். நம் பக்கம் ‘தொடுப்பு’ என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். வெல்டிங் பட்டறையில் போய்ச் சொன்னால் வேலை நடக்காது, சிரிப்புதான் நடக்கும். தொடர்வண்டி ரயிலுக்குப் போய்விட்டது, இழுவையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. மிதிவண்டி, தள்ளுவண்டி வரிசையில் ‘இழுவண்டி’ என்று வைத்துவிடலாம். மூன்றுமே வினைத்தொகை. மாட்டுவண்டியும் இழுக்கிற வண்டிதானே என்று கேட்பார்கள். அதற்கு ஏற்கெனவே பெயர் இருப்பதால் குழப்பம் வராது.

> நாக்கு, நாக்கு எடை

ஆங்கிலக்காரர் நாக்கு என்றால் நாமும் நாக்கை நீட்ட வேண்டுமா? கட்டைவண்டியில் இந்த உறுப்பு ஏர்க்கால். வண்டியோட்டி ‘முன்பாரம்’ என்று சொல்வதைத்தான் நீங்கள் நாக்கு எடை என்கிறீர்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கும். சைக்கிளிலும் அதே கதைதான். பாரம் இழுவண்டியின் அச்சுக்குப் பின்னால் போனால் சைக்கிளின் பின்சக்கரம் தரைப்பிடியை இழக்கும், இறக்கத்தில் இழுவண்டி இடமும் வலமுமாக வால் ஆட்டும்.

கணக்கைக் குறிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பமும் 15 கிலோ காய், தேங்காயும் சேர்த்து 40 கிலோ. பாரத்தின் நடு அச்சுக்கு 10 செ.மீ. முன்னால், அச்சிலிருந்து மாட்டும் இடம் 120 செ.மீ. என்றால் 40×10÷120, அதாவது முன்பாரம் சுமார் 3.3 கிலோ. மூன்றிலிருந்து ஐந்து கிலோவுக்குள் இருந்தால் போதும்.

டெல்டா முழுக்கச் சமதரை, ஏற்றமே இல்லை என்று நினைத்து இதை விட்டுவிடக் கூடாது. தெருவிலிருந்து ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் சரிவு சின்னதுதான், ஆனால் செங்குத்து. எட்டுக்கு ஒன்று என்று வையுங்கள். பாரத்தின் நடு அச்சுக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்தச் சரிவில் அது 5 செ.மீ. பின்னுக்கு நகர்ந்ததற்குச் சமம். கையிலிருந்த பத்தில் பாதி போயிற்று. அதனால் சிப்பம் தளத்தில், அச்சுக்குச் சற்று முன்னால் படுக்க வேண்டும். கீரைக்கட்டு மேலே இருக்கட்டும்.

> விடுவாய்

சக்கரத்தை விடுகிற வாய் என்று பொருள் வருகிறது, பிடிக்க வேண்டிய இடத்துக்கு இப்படி ஒரு பெயரா! தச்சர் சொல் ‘காடி’ இருக்கிறது. ‘அச்சுக்காடி’ என்று எழுதுங்கள். 40×5 மி.மீ. இரும்புப் பட்டையில் அறுத்தெடுத்து, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கவிட்டால் சைக்கிள் முன்சக்கர அச்சு வளைந்துவிடும். அது இரு முனையிலும் தாங்கப்படுவதற்கென்று செய்த மெல்லிய அச்சு. 28 அங்குலச் சக்கரத்தை விட 20 அங்குலம் மேல். இழுவண்டி சைக்கிளைப் போலச் சாய்ந்து திரும்பாது, வளைவில் பக்கவாட்டு விசை முழுவதும் ஆரக்காலுக்கு வரும். சின்னச் சக்கரம் அதைத் தாங்கும்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 16 கேஜ் (சுவர் கனம் சுமார் 1.6 மி.மீ.). 90 செ.மீ. நீளம், உள் அகலம் 50, சக்கரத்தோடு மொத்தம் 79 செ.மீ. ஏர்க்காலும் சேர்த்து ஏறக்குறைய 7 மீட்டர் பிடிக்கும், எடை 8 கிலோவைச் சற்றுத் தாண்டும். கடையில் குழாய் 6 மீட்டராகத்தான் வரும், மிச்சத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.

> இணைப்பி

இதற்கு எனக்கும் சரியான சொல் அகப்படவில்லை. ‘மூட்டு’ என்று வைக்கலாமா?

– கும்பகோணம்

* * *

இழுவண்டி, ஏர்க்கால், முன்பாரம், அச்சுக்காடி நான்கும் எனக்குச் சம்மதம். மூட்டில்தான் தயக்கம்.

முதலில் இந்த உறுப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். திருப்பத்தில் இடம் வலம் அசைய வேண்டும், மேடு பள்ளத்தில் மேலும் கீழும் அசைய வேண்டும், சைக்கிள் சாயும்போது முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் ஏதோ ஒன்று வளையும். கதவுக் கீலுக்கு ஓர் அசைவுதான். கொக்கி அசையும், ஆனால் லொடலொடக்கும், பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து இடிக்கும். ‘பந்துக்கிண்ண மூட்டு’ பாடப்புத்தகத்தில் தோள்பட்டைக்குப் போயிற்று. அதோடு மூட்டு என்பது அசைவைச் சொல்கிறதே தவிர, இரண்டைச் சேர்த்துப் பிடிப்பதைச் சொல்லவில்லை.

மாட்டுவண்டியில் இந்த வேலையைக் கயிறே செய்துவிட்டது, அதனால் தனி உறுப்புக்குப் பெயர் பிறக்கவில்லை. ஆனால் நெல் அடிக்கும் களத்தில் ஒரு சொல் இருக்கிறது. போரடிக்கும்போது மாடுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிச் சுற்றவிடுவது ‘பிணையல்’. ஒவ்வொன்றும் தன் போக்கில் தலையசைக்கும், கால் மாறும், ஆனால் பிரிந்து போகாது. ஹிட்ச் செய்வதும் அதுதான். போரடி நின்றுபோனதால் சொல்லும் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள்வோம்.

பிணையலைச் செய்யும் முறை பற்றிச் சில குறிப்புகள். கனமான, துணியடுக்கு உள்ள ரப்பர் ஹோஸ் 15 செ.மீ. துண்டு மூன்று அசைவையும் தரும், மலிவு. வெயிலில் வெடிக்கும் என்பதால் அதை இறுக்கும் கிளிப்பின் ஓரத்தில் ஹோஸை மடக்கிப் பார்க்க வேண்டும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ராட்-எண்ட் (நுனி வளையத்துக்குள் துளையிட்ட உருண்டை அசையும் தண்டு) போட்டால் உறுதி அதிகம், ஆனால் அதன் உருண்டை பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் சாயாது. சைக்கிள் தரையில் விழுந்தால், அதைச் சைக்கிள் அச்சில் மாட்டும் தகடு முறுக்கிக்கொள்ளும். அதன் தண்டை வெல்ட் செய்யாமல், ஏர்க்கால் நுனியில் ஒரு புஷ்ஷுக்குள் (சிறு குழாய்த் துண்டு) தளர்வாகச் சுழலவிட்டு, பின்னால் தானே கழலாத நைலாக் நட்டு போட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

மாட்டும் இடம் பின் அச்சின் இடப்பக்கம், ஏனென்றால் வலப்பக்கம் சங்கிலி. பழைய 28 அங்குல சைக்கிளில் அங்கே ஏற்கெனவே ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாம் அடுக்கியிருக்கும். அதன்மேல் 5 மி.மீ. தகடு ஏறினால் நட்டுக்கு மரை மிஞ்சாது. நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியாவிட்டால் நீள அச்சு மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஏர்க்கால் பின்சக்கரத்தைத் தாண்டிய பிறகே உள்பக்கம் வளைய வேண்டும், இல்லாவிட்டால் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது டயரில் உரசும். இடப்பக்கம் திரும்புகையில் ஒன்றும் ஆகாது என்பதால் பட்டறையில் சோதிக்கும்போது இது கண்ணில் படாமலே போகும்.

பிணையல் அறுந்தாலும் இழுவண்டி சாலையில் தனியே ஓடாமல் பிடிக்கும் நைலான் பட்டைக்கு ‘சேமக்கயிறு’ என்று பெயர் வைக்கலாம். சைக்கிளின் சட்டத்தில் கட்டுங்கள், கேரியரில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகைக்கு இரண்டு வரி சேருங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும், அப்போது பாரம் பாதி. இழுவண்டிச் சக்கரத்துக்கு மட்கார்டை நெருக்கிப் போட்டால் வாய்க்கால் கரைக் களிமண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும், மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

இறக்கத்தில் வால் ஆட்டுவதற்கு ‘வாலாட்டம்’ போதுமா, இயற்பியல்காரர்களின் ‘அலைவு’ வேண்டுமா? என் ஓட்டு வாலாட்டத்துக்கு.

– மன்னார்குடி