விலங்குகளை வருணித்து எழுதக் குழந்தைகளைப் பழக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துப் பயிற்சி அளித்து வருகிறேன். அனுபவமுள்ள ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் யோசனை கேட்கவே இப்பதிவு.

பூனையைப் பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலானோர் "பூனைக்கு நான்கு கால்கள் உண்டு, ஒரு வால் உண்டு" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அதில் பிழையில்லை, அவ்வரிகள் நாய்க்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் சிக்கல். பூனை நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்திலேயே பெரும்பாலும் பின்காலை வைப்பதையும், வெளிச்சம் கூடினால் அதன் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்குவதையும், நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு ஓசையின்றி நகர்வதையும் அவர்களே கவனித்துத் தம் சொற்களில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

உருவம், ஒலி, அசைவு எனத் தலைப்புகள் கொடுத்தால், தலைப்புக்கு ஒரு வரி வீதம் படிவம் போல நிரப்பிவிடுகிறார்கள். பெயரடைப் பட்டியல் கொடுத்ததும் நிலைமை மோசமானது: எல்லா விலங்குகளும் 'அழகான', 'மென்மையான' விலங்குகளாகிவிட்டன, ஆமை உட்பட! பதுங்குகிறது, நெளிகிறது, மோப்பம் பிடிக்கிறது போன்ற வினைச்சொற்களிலிருந்து தொடங்குவது பயன் தரும் என்று தோன்றுகிறது. யாரேனும் அவ்வாறு செய்து பார்த்திருக்கிறீர்களா?

அருகிலிருந்து பார்க்கக்கூடிய எறும்பு, நத்தை போன்றவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாமா, அல்லது குழந்தைகள் விரும்பும் யானை, புலியையே காணொளியில் காட்டி எழுதச் சொல்லலாமா? வாயால் நன்றாக வருணிக்கும் குழந்தை தாளைக் கண்டதும் தயங்கினால் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சற்று விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.