அடுக்ககத்தில் நாய் வளர்க்கும் முன் யோசிக்க வேண்டியவை

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு):
இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் நானும் மனைவியும் எட்டு வயது மகளும் வசிக்கிறோம். மகள் ஓராண்டாக நாய்க்குட்டி கேட்கிறாள். நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். எவற்றையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (மல்லேஸ்வரம்):
நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அதைக் காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்லவேண்டியவர் நீங்கள்தான். எங்கள் குட்டி, நாங்கள் கதவைப் பூட்டிச் சென்ற நாள்களில், வாசல் மிதியடியைக் கடித்துக் குதறிவிட்டு அதன்மேலேயே சுருண்டு படுத்திருக்கும். தனிமைதான் காரணம் என்று எங்களுக்குப் புரிய மூன்று வாரமாயிற்று. பகலில் ஆளில்லாத வீட்டுக்குக் குட்டியைவிட வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதே நல்லது.

மறுமொழி (அல்சூர்):
அழகை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹஸ்கி குளிர்நாட்டு நாய். தட்டை மூக்குள்ள பக், வெயிலில் மூச்சுத் திணறும். சிப்பிப்பாறை, முதோள் ஆகிய நம் நாட்டு இனங்கள் வேட்டையில் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை என்பதால் நான்கு சுவருக்குள் வாடிப்போகும். நம் தட்பவெப்பத்துக்குப் பழகிய, நம் தெருக்களில் காணும் சாதாரண நாட்டு நாயையே நான் பரிந்துரைப்பேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகளைத் தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தொடர் ஊசிகள் முடியும்வரை, மற்ற நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கிவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. குடியிருப்போர் சங்கம் தடுக்க முடியுமா?

மறுமொழி (மல்லேஸ்வரம்):
விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலின்படி சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய இயலாது. ஆயினும் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள்.