நிறுத்தி வைத்த மின்சார காரில் ஆப் இணைப்பும் போகிறது, பேட்டரியும் இறங்குகிறது: கோளாறு எங்கே?

நொய்யல் (கோவை):
வணக்கம். காரை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்திவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் இருந்தோம். ஆரம்பத்தில் ஆப்பில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. அப்புறம் ‘வாகனத்துடன் இணைப்பு இல்லை’ என்று வந்தது, அதோடு நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் திறந்தோம். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்பிய பிறகு, காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் சார்ஜ் தாராளமாக இருந்தது, விட்டுப்போனதைவிட 3 சதவீதம்தான் குறைவு. படுத்துவிட்டது, விளக்குக்கும் கதவுப் பூட்டுக்கும் மின்சாரம் தரும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. சர்வீஸ் சென்டரில் கிடைத்த ஒரே பதில்: ஆப்பை அடிக்கடி திறக்காதீர்கள். இந்த ஆப்பைக் காட்டித்தான் காரையே விற்றார்கள். அதைத் தொடாதே என்பது தீர்வா?

ஓஎம்ஆர் வாசி (சென்னை):
பதில் கசப்பாக இருந்தாலும் அதில் உண்மை இருக்கிறது நண்பரே. நீங்கள் ஆப்பைத் திறந்து ‘சார்ஜ் எவ்வளவு?’ என்று கேட்கும்போது, உறங்கும் காருக்குள் இருக்கும் டெலிமேட்டிக்ஸ் பெட்டி, அதாவது மொபைல் நெட்வொர்க் வழியாக ஆப்போடு பேசும் கருவி, விழிக்கிறது. அது தனியாகப் பதில் சொல்லாது. பேட்டரி மேலாண்மைக் கணினி, கதவுக் கணினி என்று மற்றவற்றையும் எழுப்பும். பதில் போன பிறகும் எல்லாம் மறுபடி உறங்கச் சில நிமிடங்கள் ஆகும். இத்தனைக்கும் மின்சாரம் தருவது அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

பேஸ்மென்ட் என்றால் இன்னும் மோசம். சிக்னல் மெலிந்த இடத்தில் மோடம் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், தேடும்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும். உங்கள் ஃபோனில் முழு சிக்னல் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். காருக்குள் இருப்பது நாம் மாற்ற முடியாத இ-சிம், வேறு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருக்கலாம்.

ஃபோன் முகப்பில் கார் விட்ஜெட் வைத்திருக்கிறீர்களா? வீட்டில் எத்தனை பேர் ஃபோனில் அதே கணக்கு இருக்கிறது? ஸ்மார்ட் வாட்ச்? சிலர் வீட்டு ஆட்டோமேஷனோடு காரை இணைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிலவரம் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் கார் உறங்கவே உறங்காது. ஊருக்குப் போகும்போது எல்லாவற்றிலும் லாக்-அவுட் செய்யுங்கள்.

மதுரை வயரிங்:
ஆட்டோ எலக்ட்ரீஷியனாகச் சொல்கிறேன், இதை நான் ஏற்க மாட்டேன். முதலில் கணக்கைப் பாருங்கள். உறங்கும் கார் சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு). ஒரு வாரத்துக்கு 8.4. நல்ல நிலையில் இருக்கும் 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி இதற்கெல்லாம் அசையாது. ஒரு வாரத்தில் படுத்துவிட்டது என்றால் அந்தப் பேட்டரி ஏற்கெனவே பாதி போயிருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன வரிசையையும் கவனியுங்கள். ஆப் முதலில் ஊமையானது, கார் பிறகு படுத்தது. பல கார்களில் 12 வோல்ட் பேட்டரி தாழ்ந்தவுடன், கதவும் ஸ்டார்ட்டும் வேலை செய்ய மின்சாரம் மிஞ்ச வேண்டும் என்று முதலில் துண்டிப்பதே டெலிமேட்டிக்ஸைத்தான். ஆப் இணைப்பு போனது பேட்டரி தாழ்ந்ததற்கான அறிகுறி. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரைக் குறை சொல்லக் கூடாது.

மல்டிமீட்டர் வாங்குங்கள். காரைப் பூட்டிச் சில மணி நேரம் கழித்து 12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6க்கு மேல் நிறைவு. 12.4 என்றால் முக்கால் அளவு. 12.2 ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். காலியான நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அதன் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. நம் ஊர் வெயில் இந்தப் பேட்டரிகளின் ஆயுளைக் குறைக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஓஎம்ஆர் வாசி:
அண்ணே, 50 மில்லி ஆம்பியர் என்பது உறங்கும்போதுதானே. விழித்திருக்கும்போது? கணினிகள் எல்லாம் எழுந்தால் சில ஆம்பியர் வரை போகும். 5 ஆம்பியர் என்றே வைப்போம். ஒருமுறை எழுந்து பத்து நிமிடம் விழித்திருந்தால் 0.8 ஆம்பியர் ஹவர். ஒரு நாள் முழுக்க உறங்கச் செலவாவதில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பத்து நிமிடத்தில் போகிறது. விட்ஜெட் ஒரு நாளைக்குப் பத்து முறை எழுப்பினால் 8 ஆம்பியர் ஹவர். உங்கள் 45 எத்தனை நாள் தாங்கும்? கணக்கு உங்களுடையதுதான்.

தாமிரபரணி (நெல்லை):
இரண்டு பேரும் 12 வோல்ட்டையே பேசுகிறீர்கள். பேட்டரி இறங்குகிறது என்று இங்கே வருபவர்களில் பலர் சொல்வது பெரிய பேட்டரியின் சதவீதத்தை. அது வேறு கதை, அதற்கும் இதற்கும் ஒரே மருந்து கிடையாது.

நிறுத்திய காரில் ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் குறையலாம் என்று டெஸ்லா தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. காவல் கேமரா ஓடினால் அதற்கும் மேல். இன்னொன்று, எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) வகைப் பெரிய பேட்டரி செல்களின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய சமமாக, 3.2 முதல் 3.3 வோல்ட்டுக்குள், நீண்ட தூரம் போகும். வோல்ட்டைப் பார்த்து சார்ஜைச் சரியாக மதிப்பிட முடியாது. கார் எண்ணிக்கொண்டே வருகிற கணக்கு நாளடைவில் பிசகும். மறுநாள் காலையில் திடீரென 4 சதவீதம் குறைந்திருந்தால், மின்சாரம் எங்கேயும் போகாமல் காட்டும் எண் மட்டும் திருத்தப்பட்டிருக்கலாம். அவ்வப்போது 100 சதவீதம் வரை ஸ்லோ சார்ஜ் போடச் சொல்வது இந்தக் கணக்கு நேராகவும் செல்கள் சமமாகவும்தான். நொய்யல் சார் காரில் ஒரு வாரத்துக்கு 3 சதவீதம் என்றால் பெரிய பேட்டரியில் கோளாறே இல்லை.

என் கேள்வி வேறு. பெரிய பேட்டரியில் அத்தனை யூனிட் இருக்கும்போது, கார் அதிலிருந்து எடுத்துச் சின்னதை நிரப்பியிருக்க வேண்டாமா?

மதுரை வயரிங்:
நல்ல கேள்வி தம்பி, நானும் அங்கேதான் வருகிறேன். பெட்ரோல் காரில் இன்ஜினோடு சுழன்று பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர் மின்சார காரில் கிடையாது. டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு ஏற்றும். கார் ‘ரெடி’யில், அதாவது ஆன் செய்து ஓட்டத் தயாராக, இருக்கும்போதும் சார்ஜ் போடும்போதும் அது வேலை செய்யும். நிறுத்திய நிலையிலும் அவ்வப்போது விழித்து ஏற்றும் கார்கள் உண்டு, ஏற்றாத கார்களும் உண்டு.

அந்தக் கன்வெர்ட்டரே பழுதானால் ஆப்பை நீக்கி என்ன பயன்? ஹூண்டாய் 2024-இல் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு கியா 1,138 ஈவி6 கார்களை அழைத்தது. இரண்டுக்கும் காரணம் ஐசிசியூ என்ற சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி; அது கெட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அந்த உரிமையாளர்களிடம் போய் ஆப்பைத் திறக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? காரை ‘ரெடி’யில் வைத்து அதே மல்டிமீட்டரால் அளந்தால் பொதுவாக 13.5க்கு மேல் காட்ட வேண்டும். அப்போதும் 12 சொச்சமே நின்றால் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் அழுத்தம். உங்கள் மின்சார காரிலிருந்து வேறு வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதையும் பெரும்பாலான கையேடுகள் தடை செய்கின்றன.

மலைக்கோட்டை அக்கா (திருச்சி):
ஆண்கள் எல்லோரும் வோல்ட்டில் நிற்கிறீர்கள், நான் ஆப்பின் பக்கம் பேசுகிறேன். எங்கள் குடியிருப்பில் சார்ஜிங் பாயின்ட் பொதுவானது. முடிந்ததும் காரை எடுக்காவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். முடிந்ததா என்று ஆப்பில்தான் பார்க்கிறேன். அதை லாக்-அவுட் செய்துவிட்டு நான் அரை மணிக்கொரு முறை மாடி இறங்கிப் போய்ப் பார்க்கவா?

ஓஎம்ஆர் தம்பி சொல்வது உரிமையாளர் தலையில் சுமையை ஏற்றுகிறது. கடைசியாகக் கிடைத்த நிலவரத்தைச் சர்வரில் வைத்துக்கொண்டு அதையே காட்டலாம், காரை எழுப்பத் தேவையில்லை. சின்னப் பேட்டரி தாழ்ந்தால் ஊமையாகும் முன் ‘12 வோல்ட் குறைகிறது’ என்று ஒரு செய்தி அனுப்பலாம். இதைச் செய்வது நிறுவனத்தின் வேலை.

ஆப் மேலேயே முழு நம்பிக்கை வைப்பதும் ஆபத்து. 2016-இல் நிசான் லீஃப் ஆப்பில், காரின் விஐஎன் எண் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஏசியை ஓட்டலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிய பிறகு அந்தச் சேவையை நிறுத்தி வைத்தார்கள். 2024-இல் பிரிட்டனில், 2ஜி நெட்வொர்க் மூடப்படுவதைச் சொல்லிப் பழைய லீஃப்களுக்கு ஆப்பையே நிறுத்தினார்கள். கார் நன்றாக ஓடுகிறது, ஆப் செத்துவிட்டது. நம் ஊரிலும் இலவச ஆண்டுகள் முடிந்ததும் சந்தா கட்டாதவர்களுக்கு இணைப்பு போகிறது. அதைப் பழுது என்று நினைத்து அலைபவர்களைப் பார்க்கிறேன். முதலில் சந்தா தேதியைப் பாருங்கள். அடுத்து, ஃபோனில் பேட்டரி சேமிப்பு அமைப்பு அந்த ஆப்பை முடக்குகிறதா என்று பாருங்கள்.

ஓஎம்ஆர் வாசி:
அக்கா, நிறுவனம் செய்ய வேண்டியது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செய்யும் வரை என்ன வழி? நள்ளிரவில் பூட்டிய காருக்கு வெளியே நிற்பது நாம்தானே. சார்ஜ் போட்டிருக்கும்போது ஆப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள், அப்போது கன்வெர்ட்டர் ஏற்றிக்கொண்டிருக்கும். நான் சொல்வது சார்ஜர் இல்லாமல் பல நாள் நிற்கும் கார் பற்றி மட்டும்.

நொய்யல்:
அளந்து பார்த்தேன். பூட்டி ஓர் இரவு விட்டபின் 12.1. ‘ரெடி’யில் 14.2. தெரிந்த கடையில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டதில் பேட்டரி தேறவில்லை. வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து, எல்லாம் உறங்கும் வரை காத்திருந்து பார்த்ததில் 40 மில்லி ஆம்பியர் சுற்றித்தான் நிற்கிறது. டேஷ்கேம் இல்லை, ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) எதுவும் செருகவில்லை. சாவியும் காருக்கு அருகில் இல்லை. விட்ஜெட் இருக்கிறது, என் ஃபோனிலும் மனைவி ஃபோனிலும்.

மதுரை வயரிங்:
தெளிவாகிவிட்டது. கன்வெர்ட்டர் நன்றாக ஏற்றுகிறது, உறக்கத்தில் கசிவு இல்லை, பேட்டரி போய்விட்டது. வாரன்டி இருந்தால் அதிலேயே கேளுங்கள், லோடு டெஸ்ட் ரசீதையும் காட்டுங்கள். வெளியே வாங்கினால் கார் கேட்கும் அதே வகையும் அதே அளவும் வாங்குங்கள். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் லெட் ஆசிட் வகை) இருந்த இடத்தில் விலை குறைவென்று சாதாரண பேட்டரி போடாதீர்கள்.

ஓஎம்ஆர் வாசி:
பேட்டரி ஏன் போனது என்பதற்கு அந்த அளவீட்டில் பதில் இல்லையே அண்ணே. இரண்டு விட்ஜெட் தினமும் எழுப்பி எழுப்பித்தான் அது தேய்ந்தது என்பேன். நொய்யல் சார், புதுசு போட்டபின் ஒரு வாரம் விட்ஜெட்டோடு நிறுத்துங்கள், அடுத்த வாரம் இல்லாமல் நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் வோல்ட்டை எழுதி இங்கே போடுங்கள்.

மதுரை வயரிங்:
செய்யட்டும். இரண்டு வாரமும் முழு சார்ஜில் தொடங்க வேண்டும். அளக்கக் கதவையோ பானெட்டையோ திறந்தாலே கார் விழிக்கும். அதனால் பேட்டரி முனையில் ப்ளூடூத் வோல்ட் மானிட்டர் ஒன்றை மாட்டிவிட்டு வெளியே நின்று ஃபோனில் படியுங்கள். 12.4க்குக் கீழே வந்தால் சோதனையை நிறுத்திச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்; புதுப் பேட்டரியை இந்த வாதத்துக்காகக் கெடுக்க வேண்டாம்.