கார்ப்பரேட் லா ஃபர்ம் இன்டர்ன்ஷிப்: வேலூரிலிருந்து எப்படி அப்ளை பண்றது?

காட்பாடி மாணவி: அரசு சட்டக் கல்லூரி, 5 வருஷப் படிப்பில் 4ஆம் வருஷம். மே மாதம் சென்னை ஃபர்ம்ல சேர எப்போ மெயில் போடணும்?

சத்துவாச்சாரி வக்கீல்: ஜனவரியிலேயே போட்டுடும்மா. சப்ஜெக்ட் வரியில் படிக்கிற வருஷமும் தேதிகளும் இருக்கணும். தேதி இல்லாத மெயிலை எந்த மாசத்துக்குன்னு ஒதுக்குவாங்க? சிவி ஒரே பக்கம், பிடிஎஃப். "கார்ப்பரேட் சட்டத்தில் ஆர்வம்"னு எழுதாதே, எல்லாரும் எழுதறதுதான். ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு (ஒப்பந்தத்தை மீறினா தர வேண்டிய நஷ்டஈடு) பற்றிக் கட்டுரை எழுதியிருந்தா அதைப் போடு. ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதி ஒப்பந்தம் பார்க்கிற வக்கீலிடம் இருந்த அனுபவமும் எடைதான்.

ஆற்காடு ஜூனியர்: பத்து ஃபர்மையும் ஒரே மெயில்ல சிசி போட்டா பத்தும் குப்பைக்குத்தான். கவர் லெட்டர்ல பழைய ஃபர்ம் பேர் தங்கிடும், பாருங்க.

சத்துவாச்சாரி வக்கீல்: ஆமா. பார் கவுன்சில் விதிப்படி 5 வருஷப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேணும், ஆனா தொடர்ச்சியா அதிகபட்சம் 4 வாரம்தான். அதனால ஜூனையும் சேர்த்துக் கேட்காதே.